புள்ளியைத் துரத்தியவர்கள்

டெல்மர் ஸ்டக்கி பத்தொன்பது வருடமாகப் புயல் துரத்துகிறார். கான்சஸில் அவர் வண்டி புழுதி கிளப்பாத மண்சாலை கிடையாது. கூரையில் காற்றுமானி, கண்ணாடிக்கு முன்னால் கல்மழைக்கு இரும்புவலை, உள்ளே நான்கு திரைகள் என்று வண்டியில் ஒரு குறையும் இல்லை. சுழற்காற்றைத்தான் அவர் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. இவர் போய்ச் சேருவதற்குள் அது வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கும். கூரை பறிகொடுத்தவர்கள்கூட, "ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாப்பா?" என்று இவருக்காக உச்சுக்கொட்டுவார்கள்.

அந்த வருடம் மனைவி லவோனா கெடு வைத்துவிட்டாள். "ஜூன் முடியறதுக்குள்ள ஒண்ணாவது பார்த்துட்டு வா. இல்லன்னா வண்டிச் சாவி எங்கிட்ட வந்துடணும்."

ஜூனின் கடைசி நாள். மத்தியானம் லவோனா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"டெல்மர், மேற்கால பாரு. வானம் பச்சையா இருக்கு. இன்னிக்கு எங்கயும் போகாத."

வண்டிக்குள் இருந்த டெல்மர் திரையைப் பார்த்தார். துரத்துபவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் அப்போது இருக்குமிடத்தை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் காட்டுவது வழக்கம். கர்ட் டாலினின் புள்ளி கிழக்கே பறந்துகொண்டிருந்தது. கர்ட் இருநூற்றுப் பன்னிரண்டு சுழற்காற்று பார்த்தவர்.

"கர்ட் கெழக்கால போறான், லவோனா."

"அவனுக்கென்ன மூணு கண்ணா? நம்ம கோழியெல்லாம் கூண்டுக்குள்ள போயிடுச்சு பாரு. அதுங்ககிட்ட போன் கூட இல்ல."

கோழி பேச்சைக் கேட்டு யாராவது புயல் துரத்துவார்களா? டெல்மர் கிழக்கே விரட்டினார்.

நாற்பதாவது மைலில், ஒரு பெட்ரோல் பங்கில் கர்ட்டின் புள்ளி நின்றது. அதைச் சுற்றி அறுபத்து மூன்று வண்டிகள் நின்றன. அறுபத்து மூன்று கேமராக்கள் பங்கின் மேலே குறிவைத்தன. அங்கே ஆட்டுக்குட்டி அளவில் ஒரே ஒரு மேகம் இருந்தது.

"ரொம்ப அமைதியா இருக்குல்ல? அதான் பயமா இருக்கு," என்றார் ஒரு தாடிக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். இருபது நிமிடம் அந்த ஆட்டுக்குட்டியை நேரடியாக ஒளிபரப்பினார்கள்.

பங்கின் பின்பக்கக் கழிப்பறைக் கதவு திறந்தது. கர்ட் இடுப்புவாரை இறுக்கிக்கொண்டே வந்தார்.

"தலைவரே, எங்க எறங்கும்?" என்றார் தாடிக்காரர் பயபக்தியோடு.

"எறங்கியாச்சுப்பா. நேத்து தின்ன கெளுத்தி மீன். நாப்பது மைல் அடக்கிக்கிட்டு வந்தேன். ஆமா, நீங்கள்லாம் ஏன் வந்தீங்க?"

யாரும் பதில் சொல்லுமுன் டெல்மரின் கைபேசி கிணுகிணுத்தது. லவோனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். முன்னால் கொடி, பின்னால் வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு சுழற்காற்று. டெல்மர் உடனே கூப்பிட்டார்.

"அடிப்பாவி, நிலவறைக்குள்ள போகலியா நீ?"

"வாசல் வரைக்கும் வந்துட்டு இருபது நிமிஷம் நின்னுச்சு. முகத்துல அடிச்ச மாதிரி கதவச் சாத்தினா நல்லாவா இருக்கும்? துணியெல்லாம் எடுத்துச்சு, இன்னொரு தடவ அலசி, வேலி மேல வரிசையாப் போட்டுட்டுப் போயிடுச்சு. பக்கத்து வீட்டு மாட்டைத் தூக்கி நாலு சுத்து சுத்தி எறக்கிவிட்டுது. பால் கறக்கப் போனா வெண்ணெயா வருதாம். உன்னோட கட்டம்போட்ட டவுசர் மட்டும் திரும்பல. சரி, சாவியோட வா."

சாவி கைமாறியது. படம் ஒரே ராத்திரியில் மாநிலம் முழுக்கச் சுற்றியது.

மறுநாள் காலை, அதிர்ச்சியில் கோழிகள் முட்டையிடாததால், லவோனா அந்த வண்டியிலேயே முட்டை வாங்கக் கிளம்பினாள். புள்ளியை அணைக்க அவளுக்குத் தெரியாது. முதல் திருப்பத்தில் பின்னால் பதினோரு வண்டிகள். கடை வாசலில் அறுபத்து நான்கு. முதல் வண்டியில் கர்ட். கடைசியாக, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஓட்டை டிரக்கில் டெல்மர். தலைக்கு மேலே துடைத்துவிட்ட நீலம். ஒருவரும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை.

லவோனா முட்டை அட்டையோடு வெளியே வந்தாள்.

கர்ட் தொப்பியைக் கழற்றினார். "எங்க எறங்கும்க்கா?"

"கோழிங்கள கேட்டுச் சொல்றேன்," என்றாள் லவோனா.

கடைசி வண்டியில் டெல்மர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.