நின்கே பார்த்த பறவை

ஒரு கிலோ எடை கூடுதலாம்! அதைச் சொல்லித்தான் யெல்மர் அந்தப் புதிய பறவைக் கையேட்டை வேண்டாம் என்றான். தங்கள் ஊரான லேவார்டனின் புத்தகக் கடையில் அவன் மனைவி நின்கே அதைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

"இதுல ஆணையும் பெண்ணையும் தனித்தனியா வரைஞ்சிருக்காங்க, பாரு. உன் பழைய புத்தகத்துல ஆண் மட்டும்தான்."

"பெண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கும், அவ்வளவுதானே? அதுக்குப் போய் ஒரு கிலோ சுமக்கணுமா?"

"நான் சுமக்கறேன்பா."

"அப்புறம் முதுகு வலின்னு என்கிட்டதான் வந்து நிப்ப."

அவள் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாகப் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தவள் அவள். ஜார்ஜியாவுக்குப் பறவை பார்க்கப் போகும் இந்தப் பயணத்துக்குத்தான் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு நோட்டு வாங்கியிருந்தாள். தானே கண்டுபிடித்த பறவை ஒன்றாவது அதில் ஏற வேண்டும் என்று கொள்ளை ஆசை.

ஜார்ஜியாவின் மலையூர் ஒன்றில் பறவை பார்க்கும் குழுவோடு எட்டுப் பேராகத் தங்கினார்கள். தினமும் மாலைச் சாப்பாட்டு மேசையில் வழிகாட்டி சீட்ஸே அன்றைய பட்டியலை வாசிப்பார். பார்த்தவர்கள் குரல் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் நின்கே சந்தோஷத்தில் முகமெல்லாம் சிவந்து எழுந்தாள்.

"பாறைக்கு மேல நான் மட்டும் ஒண்ணு பார்த்தேன். சிட்டுக்குருவியைவிட நல்லாவே பெருசு. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கோடு, தடிச்ச அலகு."

எல்லோரும் யெல்மரைப் பார்த்தார்கள். குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவன் அவன்தானே. தன் புத்தகத்தைப் புரட்டினான். அப்படி எதுவும் இல்லை.

"சிட்டுக்குருவியேதான்! இந்த ஊர் ஒயின் அதைப் பெருசாக் காட்டியிருக்கும்."

மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள். அது அவன் கண்ணில் படாமல் இல்லை. பட்டும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான், பாவி.

கடைசி நாள் வேனில் போகும்போது, பக்கத்தில் இருந்த குழுவின் இன்னொருத்தி ரிக்யேவின் கையேட்டைச் சும்மா வாங்கிப் புரட்டினான்; கடையில் வேண்டாம் என்ற அதே புத்தகம். ஒரு பக்கத்தில் அவன் கை நின்றது. பெரிய செங்குருவி. ஆண் நல்ல சிவப்பு. பக்கத்திலேயே பெண்: சாம்பல், கோடு, தடித்த அலகு. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவன் புத்தகத்தில் சிவப்பு ஆண் மட்டும்தான் இருந்தது. ஐயோ, எத்தனை பேர் முன்னால் சொல்லித் தொலைத்தோம்!

வேன் திரும்பியதும், பெட்டி கட்ட அன்று விடுதியிலேயே தங்கிவிட்டவளைத் தேடி அறைக்கு ஓடினான். "நீ பார்த்தது சரிதான் நின்கே. நான்தான் மடையன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நீ புத்தகத்தைத்தான் பார்த்த. என் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல."

மாலை மேசையில் எழுந்து நின்று தன் தப்பை ஒன்று விடாமல் சொன்னான். சீட்ஸே பேனாவை எடுத்தார்.

"அட, அப்போ பட்டியல்ல ஏத்திடலாமே. யார் பார்த்தது?"

யெல்மர் மனைவியைப் பார்த்தான். நின்கே சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்கல. அது வெறும் சிட்டுக்குருவிதானே" என்றாள்.