சைரனுக்குப் பிறகு மூடும் கதவு

மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஏலக்காய் ஸ்டோர் மட்டும்தான் சூடான இடம். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிக் காயவைக்கும் அறை அது. காய் எடுக்கும் பெண்கள் நனைந்த சேலையோடு, கதவை ஒருக்களித்துவிட்டு, உள்ளே போய்க் கொஞ்சநேரம் குளிர்காய்வார்கள். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாள் ஜீப்பில் இடம் கிடையாது. சூடு இறங்கினால் காயின் பச்சை நிறம் போய்விடுமாம். மழையில் மனுசி விறைத்துப்போவதைப் பற்றி அந்த மகராசனுக்கு அப்படியொரு கவலை வந்ததே இல்லை.

அனுப்பிரியாவுக்கு இது தெரியும். அவள் அம்மா வேலுத்தாயும் பக்கத்து வீட்டு மூக்கம்மாளும் மலையடிவாரத்துப் போடியிலிருந்து தினமும் ஜீப்பேறி அந்தத் தோட்டத்துக்குத்தான் போனார்கள். அதே ஸ்டோரை அவள், அதே முதலாளியிடம் சம்பளத்துக்கு, போடியில் வீட்டிலிருந்தபடி ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்து நடத்தினாள். என்ன வேண்டும் என்று இவள் எழுதினால் போதும், அது தானே புரோகிராம் எழுதி விசிறியை ஓட்டும், சூட்டை ஏற்றும், கங்காணிக்குச் செய்தி அனுப்பும். இவள் எழுதுவதை முதலாளியும் தன் போனில் படிக்கலாம். ஒரு வரி விடாமல் படிக்கவும் செய்தார்.

கதவு அடிக்கடி திறந்து கிடப்பது அவர் கண்ணில் பட்டது. மோட்டார் மாட்டி, கதவையும் ஏஜென்ட்டிடம் ஒப்படைக்கச் சொன்னார். மாட்ட வந்தவர்கள் உள்ளிருந்து திறக்க ஒரு வழியும் வைக்கவில்லை. ஆள் போகாத அறைக்கு எதற்கு என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். அது அனுப்பிரியாவுக்குத் தெரியாது. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயந்தரம் வேலுத்தாய் மெதுவாகக் கேட்டாள். "ஏத்தா, நாங்க உள்ள போறது அந்த மிசினுக்குத் தெரிஞ்சிருமா?"

"நான் சொன்னாத்தாம்மா தெரியும்."

"சொல்லிப்புடாத. மூக்கம்மாளுக்கு மூச்சிளைப்பு வேற. அந்தச் சூடு இல்லேன்னா அவ பொழுது சாயிற வரைக்கும் தாங்கமாட்டா."

மறுநாள் ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் மோட்டார் தயார் என்று தகவல் வந்தது. கதவு திறந்து கிடந்தால் மூடிவிடு என்று அனுப்பிரியா எழுதினாள். உடனே ஏஜென்ட் கேட்டது: "மூடும்போது உள்ளே யாராவது இருக்க வாய்ப்பு உண்டா? ஈர ஆவியால் கேமராவில் தெளிவாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கங்காணியை உள்ளே பார்க்கச் சொல்லட்டுமா?"

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கங்காணி எட்டிப் பார்த்தால் அத்தனை பேர் பிழைப்பும் போகும். உண்மையை எழுதினால் முதலாளி படிப்பார். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: "உள்ளே யாரும் போவதில்லை. மூடுவதற்கு முன் சைரன் மட்டும் அடி."

சைரன் கேட்டால் யாராக இருந்தாலும் வெளியே ஓடிவந்துவிடுவார்கள். முதலாளிக்கும் சந்தேகம் வராது. அம்மாவிடம் விவரத்தைச் சாயந்தரம் சொல்லிக்கொள்ளலாம், ஸ்டோரை விட்டு விலகினால் மலையில் போன் எடுக்காது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஏஜென்ட் தகவல் அனுப்பியது. கதவு திறந்திருந்தது. சைரன் அடிக்கப்பட்டது. யாரும் வெளியே வரவில்லை. கதவு மூடப்பட்டது. இறங்கிய சூடு மீண்டும் ஏற்றப்படுகிறது. அனுப்பிரியா படித்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பொழுது சாயும் நேரத்தில் புதுக்காய் கொட்டக் கங்காணி கதவைத் திறந்தபோது, கடைசித் தட்டு அடுக்குக்குப் பின்னால் மூக்கம்மாள் சுருண்டு கிடந்தாள். உயிர் இல்லை.

வேலுத்தாய் வீடு வந்து சேர்ந்தபோது சேலை இன்னும் காயவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சைரன் அடிச்சுதுடி. எதுக்குன்னு எங்களுக்கு என்ன தெரியும், மொதலாளி வந்துட்டாருன்னு நாங்க தலை நிமிராம காய் எடுத்தோம். அவ உள்ள இருந்திருக்கா. அகப்பட்டுக்கிருவோம்னு தட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா. இருமல் வெளிய கேட்டுறக் கூடாதுன்னு முந்தானைய வாயில அமுக்கிருக்கா. அப்பிடியே..."

அனுப்பிரியாவுக்குத் தான் எழுதிய வரி கண்முன்னே நின்றது. அந்நேரம் தோட்டத்தில் அதைத்தான் முதலாளி போலீஸ்காரரிடம் காட்டிக்கொண்டிருந்தார். யாரும் போவதில்லை என்று அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணே எழுதியிருக்கிறாள், பிறகென்ன.

"அம்மா..." என்றாள்.

வேலுத்தாய் சட்டென்று நிமிர்ந்து மகளின் கையைப் பிடித்தாள். "நாங்க உள்ள போறத நீ அந்த மிசின்கிட்டச் சொல்லலையில்ல?"

"சொல்லலம்மா."

"எனக்குத் தெரியும்த்தா," என்றாள் வேலுத்தாய், அழுதுகொண்டே. "எம் மக எங்களக் காட்டிக்குடுக்க மாட்டா."