கலுங்கின் உயரம்

மேலூர்க் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்தோட வேண்டிய கலுங்கை அந்த ஊர்க்காரர்கள் சிமெண்டு வைத்து உயர்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து கீழூர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. நீர்வள நிபுணர் குழுவின் தலைவி கனகலட்சுமி இந்த இரண்டு ஊர்களும் இருக்கும் நரிக்குடிப் பக்கம் மூன்றாவது முறையாக வந்திருந்தார்.

“நீங்க அளந்து அளந்தே கலுங்கு தேஞ்சிருக்கணுமே மேடம்,” என்றார் கீழூர் லிங்கம். “இன்னும் ஒசரமாத்தான நிக்குது.”

இரண்டு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். கனகலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. கலுங்கில் ஏற்றிக் கட்டியதை இடித்தால்தான் கீழூரில் நெல் விளையும் என்பது முதல் வருகையிலேயே அவருக்குத் தெரியும். இருந்தும் இருமுறையும் ‘மேலும் ஆய்வு தேவை’ என்றே எழுதினார். மேலூரின் கோபத்தைச் சுமக்கக் குழுவில் யாருக்கும் மனமில்லை. அவருக்கும்தான்.

“இந்தத் தடவையும் அப்படியே எழுதிரலாம் மேடம்,” என்று குழு உறுப்பினர் இன்பராஜ் காதருகே சொன்னார். “உங்க பதவிக்காலம்தான் முடியப்போகுதே.”

கனகலட்சுமி கீழே வெடித்துக் கிடந்த கீழூர் வயல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆய்வு முடிஞ்சிருச்சு,” என்றார். “ஏத்திக் கட்டுனத இடிக்கணும். இன்னைக்கே எழுதிடுறேன்.”

மேலூர்க்காரர்கள் எழுந்து போனார்கள். லிங்கம் நன்றி சொல்லவில்லை.

“மொதத் தடவையே சொல்லியிருந்தா ரெண்டு வெள்ளாமை எடுத்திருப்போம் மேடம்.”

கனகலட்சுமி தலையசைத்துவிட்டு, அறிக்கைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.