மூன்றாம் வருடக் கறுப்பு

எல்லை ஊரான வியாசோனில் பேருந்து மாறும்போதுதான் இலாரியா கறுப்புப் பாவாடையும் சால்வையும் வாங்கினாள். மூன்று வருடம் கட்டியிருக்க வேண்டியதை மூன்றே நிமிடத்தில், பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டாள்.

"யாரு தவறிட்டாங்க தாயி?" என்றாள் கடைக்காரி.

"வீட்டுக்காரர்."

"அடப்பாவமே, எப்போ?"

இலாரியா காதில் விழாதவள்போல நகர்ந்தாள். வழியில் பேருந்து நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, பழசாகத் தெரியட்டும் என்று பாவாடையின் கரையை மண்ணில் தேய்த்துக்கொண்டாள்.

அவள் புருஷன் செவெரோ பொதோசி மலைச் சுரங்கத்தில் பாறை சரிந்து செத்து இது மூன்றாவது வருடம். மலைக்காரர்கள் நம்பிக்கைப்படி, செத்தவர் வருடாவருடம் நவம்பர் முதல் தேதி உச்சிவேளையில் வீட்டுக்கு வருவார், மறுநாள் உச்சிவேளையில் கிளம்புவார். மூன்றாம் தடவை போனால் போனதுதான். அன்றைக்குத்தான் விதவையின் கறுப்பைப் புருஷன் வீட்டார் தங்கள் கையால் கழற்றிவிடுவார்கள். தானாகக் கழற்றக் கூடாது.

இலாரியா தானாகத்தான் கழற்றினாள். நாலாம் மாதமே புவனோஸ் ஐரஸ் தையல் பட்டறைக்குப் போனவள், முதல் வாரத்திலேயே கறுப்பைச் சுருட்டித் தூக்கிப் போட்டாள். துக்கம் தீர்ந்து அல்ல, துக்கம் வரவே இல்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில்கூட மரக்கட்டையாகத்தான் நின்றாள். ஒருமுறை தையல் ஊசி விரலில் இறங்கியபோது, இரத்தத்தை யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷின்காரன் ருஃபினோதான் ஓடிவந்து துணி சுற்றினான். இப்போது அவன் கல்யாணம் என்கிறான், ஆனால் அவனும் மலைக்காரன்தானே.

"உன் மாமியார் கையால கறுப்பு இறங்கட்டும். செத்தவன் பொண்டாட்டிய நான் கட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

மலையடிவார வீட்டுக்கு அவள் மூச்சு வாங்க ஏறி வந்தபோது, வாசலிலேயே நாத்தனார் பெர்த்தா பிடித்துக்கொண்டாள். "வந்துட்டாங்கப்பா புவனோஸ் ஐரஸ் மகாராணி! உடம்பு நல்லா தேறியிருக்கே அண்ணி. துக்கம் வேளாவேளைக்குச் சோறு போடுது போல!"

"வாய மூடுடி. வந்தவளுக்கு ஒரு வாய் சூப்பு குடு" என்றாள் மாமியார் டெமெத்ரியா. சுரங்க வாயிலில் கொட்டிய கழிவுக் கற்களை உடைத்துத் தாது பொறுக்குகிறவள். கன்னத்தில் எந்நேரமும் கோகா இலை அடக்கியிருப்பாள். அவள் கட்டியிருந்த கறுப்பு மூன்று வருட வெயிலில் வெளுத்து, காப்பி வடிகட்டிய சக்கை நிறத்துக்கு வந்திருந்தது. இலாரியா அதைப் பார்த்தாள், பிறகு தன் பாவாடையைப் பார்த்தாள். மண்ணைத் தேய்த்தால் அழுக்காகலாம், வெளுக்குமா? பயம்கூட வரவில்லை.

செத்தவருக்குப் படைத்த மேசையில் ரொட்டியால் செய்த பிள்ளைகளும், மேலுலகம் ஏற ரொட்டி ஏணியும், செவெரோவின் சிகரெட்டும் இருந்தன. இரண்டு நாளும் ஊர் வந்து செபம் சொல்லி, ரொட்டி வாங்கிப் போனது. இரண்டாம் நாள் மணி பன்னிரண்டு அடித்ததும் மேசையைக் கலைத்தார்கள். பெர்த்தா ஓவென்று அழுதாள். இலாரியா மேசையில் சிந்திக் கிடந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முற்றத்தில், நாற்பது பேர் நடுவில் அவளை நிறுத்தினார்கள். டெமெத்ரியா சால்வையை எடுத்தாள். உள்பாவாடைகளுக்கு மேலிருந்த கறுப்பை அவிழ்க்க இடுப்பு நாடாவில் கை வைத்தாள். கை நின்றது. நாடாவின் உள்பக்கம் கடையின் விலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

"என்னம்மா, முடிச்சு அவிழலையா? நான் வரட்டா?" என்று பெர்த்தா எழுந்தாள்.

"உட்காருடி. கெழவிக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

டெமெத்ரியா சீட்டைக் கிழித்து, கோகா இலை போடுவதுபோல வாய்க்குள் அடக்கிக்கொண்டாள். கறுப்பைச் சுருட்டி யாரும் தொடுமுன் அடுப்பில் போட்டாள். இலாரியாவுக்குப் பச்சைப் பாவாடை கட்டி, தலையில் வண்ணக் காகிதத் தூள் தூவினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவன் மேளத்தை எடுத்தான்.

சாயங்காலம் பேருந்துக்குக் கிளம்பியவளோடு டெமெத்ரியா வாசல்வரை வந்தாள்.

"அத்தை..." என்றாள் இலாரியா. "எனக்கு அழுகையே வரல அத்தை. இன்னைக்கு வரைக்கும் வரல. கறுப்பக் கட்டினா ஊரை ஏமாத்துற மாதிரி இருந்துச்சு."

"அழுகை யாருக்குடி வந்துச்சு? பெத்தவ நானே அழல. மறுவாரம் கறுப்பக் கட்டிக்கிட்டுக் கல்லு உடைக்கப் போனேன். அவனுக்குச் செய்ய என் கையில வேற என்ன இருந்துச்சு?"

இலாரியா பச்சைப் பாவாடையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"எவனோ இருக்கான், மூஞ்சியிலயே தெரியுது. கட்டிக்கோ. நல்லா இரு, சாபமெல்லாம் கிடையாது." டெமெத்ரியா அவள் தலையிலிருந்த காகிதத் தூளைத் தட்டிவிட்டாள். "இந்த வீட்டுக்கு மட்டும் இனி வராத. என் மகனையும் உன்னையும் இன்னைக்கே அனுப்பி வச்சுட்டேன்."

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

இறக்கத்தில் பத்தடி நடந்ததும் இலாரியா நின்றாள். வழியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செவெரோவுக்காக என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. அத்தை தனக்கு இல்லாமல் போய்விட்டாளே என்றுதான் அழுதாள். சுரங்கத்திலிருந்து இறங்கி வந்த இருவர், பச்சைப் பாவாடையைப் பார்த்து, விருந்தில் அதிகம் குடித்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.