காலிக்குப் போட்ட முட்டை

அலுவலகத்தில் அவனுக்கு முட்டை என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. ஆஸ்பத்திரிகளுக்காக அவர்கள் எழுதிய மென்பொருளில், நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய ஒயர்களிலிருந்து இதயத்துடிப்பு எழுத்தாக வந்து விழும். அதை எண்ணாக மாற்றுவது அவன் வேலை. ஒயர் கழன்றால் ஒன்றுமே வராது, வெறும் காலி. காலியை எண்ணாக்கச் சொன்னால் புரோகிராம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே நின்று மானத்தை வாங்கியது.

"என்ன பண்ணுவியோ தெரியாது, இனிமே நிக்கக் கூடாது" என்றார் மேலாளர்.

காலி வந்தால் பூஜ்ஜியம் என்று ஒரு வரி போட்டான். பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது. ஆனால் நோயாளி புரண்டு படுத்து ஒயர் கழன்றபோதெல்லாம் பூஜ்ஜியத்தைக் கண்டு அலாரம் ஊரைக் கூட்டியது. நர்சுகள் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். பூஜ்ஜியத்துக்கு அலாரம் வேண்டாம் என்று இன்னொரு வரி போட்டான். கழன்ற ஒயரும் நின்ற இதயமும் ஒன்றல்ல என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

அக்காவை இதயப் பிரிவில் சேர்த்தபோது, கட்டிலருகே இருந்த திரையில் தன் கம்பெனிச் சின்னத்தைப் பார்த்து அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

"நீ பண்ணதாடா இது? அப்ப எனக்கும் முட்டைதானா?" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள்.

மறுநாள் மதியம் அவள் கண் அயர்ந்திருந்தாள். நாற்காலியில் இருந்த அத்தான் திரையைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, என்ன இது, பூஜ்ஜியம்னு காட்டுது?"

"பயப்படாதீங்க அத்தான். அசைஞ்சிருப்பா, ஒயர் கழண்டிருக்கும்." அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நர்சைக் கூப்பிடட்டுமா?"

"பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை. இதை எழுதினதே நான்தான், எனக்குத் தெரியாதா? அப்புறமா மாட்டிவிடறேன்."

அத்தான் உட்கார்ந்துவிட்டார். மச்சான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

மேலாளருக்கு எழுத வேண்டியதை எழுதி அனுப்பிவிட்டு அவன் எழுந்து, போர்வையை விலக்கினான். ஒயர்கள் அத்தனையும் ஒட்டிய இடத்தில் ஒட்டியபடியே இருந்தன. ஏதாவது ஒன்றாவது கழன்றிருக்காதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான்.

"மாட்டிட்டியா தம்பி?" என்றார் அத்தான்.