ஞானராஜின் இடது கை

வாலிபால் ஆட்டத்தில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அதனால்தான் ஊரில் ஒருவருக்கும் தெரியாதது எனக்குத் தெரிந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம், மாதா கோவில் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் டோர்னமென்ட் வைத்தார்கள். சனிக்கிழமை அவர் அடித்த ஸ்மாஷ் எல்லாம், எதிராளிகள் நெட்டுக்கு மேலே நீட்டிய கைகளில் மோதித் திரும்பி வந்தன. டீம் தட்டுத்தடுமாறி ஜெயித்தது. ஆனால் கேப்டன் தீர்த்தகிரி அண்ணன் இவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பென்னாகரத்துக்காரங்களோட ஃபைனல். உனக்கு மூணு பந்து, ஞானராஜ். ஒண்ணாவது அந்தப் பக்கம் வுழணும். இல்லன்னா முனிராஜை எறக்கிடுவேன்."

வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. அந்த ஆட்டம் இல்லையென்றால் அவர் பாதி மனுஷர். ஆக்கிப்போட்ட எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, குதிக்கறப்ப எதுக்கு எடது கையில நெஞ்சப் புடிச்சுக்கறீங்க?"

"நானா? நான் எங்க புடிச்சேன்?"

"சத்தியமா புடிக்கறீங்க. உத்தரியத்த."

கழுத்துக் கயிற்றில் முன்னும் பின்னும் தொங்கும் இரண்டு துண்டுத் துணி, மாதா உத்தரியம். அவருக்கு அம்மை போட்டிருந்தபோது என் மாமியார் இன்னாசியம்மாள் போட்டுவிட்டது. கழற்றமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். குதித்தால் அது முகத்துக்குப் பறக்கும். கை தானாகப் போய் அமுக்கிக்கொள்ளும். மனுஷருக்கே அது தெரியாது.

அவர் நம்பவில்லை. விரலில் அடுப்புக்கரியைத் தேய்த்துவிட்டு, சுவரோரம் குதித்து எட்டின இடத்தைத் தொடச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்து ஒரு தடவை. இரண்டு கையையும் பின்னால் வீசி மேலே கொண்டுபோய் ஒரு தடவை. இரண்டாவது கரிக்கோடு நாலு விரற்கடை மேலே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்கும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை நிற்க வைத்து, உத்தரியத்தைப் பனியனோடு சேர்த்து முன்னால் நாலு தையல், பின்னால் நாலு தையல் போட்டேன்.

"கழட்டலீங்க, கழுத்துலதான் இருக்குது" என்றேன்.

ஃபைனலில் முதல் பந்து. உயரம் கூடியதில் அவருக்கே கணக்குத் தப்பிவிட்டது. பந்து கோட்டைத் தாண்டி ஜனங்களுக்குள் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது, நெட்டில் போய் விழுந்தது. முனிராஜ் எழுந்து சட்டையைக் கழற்றினான்.

மூன்றாவது லிஃப்ட், அடிப்பதற்காக நெட்டோரம் தூக்கிக் கொடுத்த பந்து, வந்தது. வலது கால், இடது கால் என்று ஊன்றி, இரண்டு கையும் வீசி எழும்பினார். இடது கை முன்னால் போய்ப் பந்தைக் காட்டியது. அந்தக் கை வயிற்றுப் பக்கம் இறங்க இறங்கத் தோள் திரும்பி, வலது கை சாட்டை மாதிரி வந்தது. தடுத்தவர்களின் விரல்களுக்கு மேலே போன பந்து அவர்களுக்குப் பின்னால் புழுதியைக் கிளப்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முனிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தான்.

கோப்பை வாங்கியதும் தீர்த்தகிரி அண்ணன் கேட்டார். "ஒரே நாள்ல என்னப்பா பண்ணுன?"

"என்னைக் கேக்காதீங்க. என் சம்சாரத்தைக் கேளுங்க" என்றார் அவர், ஊரே கேட்கும்படி.

டீமே வந்து என் முன்னால் நின்றது. வெட்கப்பட நேரமில்லை. எல்லோரையும் இடது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். கேப்டனுக்கு முழங்கை மடங்கியிருந்தது. அதையும் சொன்னேன்.