வாசலில் போட்ட பலகைகள்

அன்று காலை எங்கள் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசலில் இருந்தவர்கள் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அழகையாவாகிய நான். என் மனைவி ஆண்டாயி. எங்கள் மகள் சரிதா. அவளுடைய ஆபீஸிலிருந்து வந்த தபித்தாள் அம்மா. அவர்களோடு படம் எடுக்க வந்த விமல். அடுத்த வீட்டுச் சுடலைமுத்து, அவன் மனைவி சசிகலா. இவ்வளவு பேர்தான். இவர்களைத் தவிர வேறு யாராவது கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, "நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னால், அவர் பார்க்கவில்லை.

இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அதனால்தான் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

சரிதா கோயம்புத்தூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறாள். பெரிய கம்பெனிகள் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன செய்தோம் என்று வருஷாவருஷம் அறிக்கை போடுகிறார்கள் அல்லவா? மரம் நட்டோம், குளம் வெட்டினோம் என்று எழுதுவார்கள். அது மெய்தானா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது அவளுடைய ஆபீஸின் வேலை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவர்கள் தாங்களும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று, ஆண்டுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அவர்கள் செலவிலேயே ஒரு நல்ல காரியம் செய்வார்களாம். இந்த ஆண்டுக்கு எங்கள் லயத்தை எடுக்கலாம் என்று சரிதா எழுதிக் கொடுத்திருந்தாள்.

எழுதியது எங்கள் சாக்கடையைப் பற்றி. அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் கதை நகராது. வரிசை வீடுகளின் இஸ்தோப்புக்கு முன்னால், அதாவது சிலோனிலிருந்து வந்த நாங்கள் இன்றும் அப்படிச் சொல்கிற முன்வராந்தாவுக்கு முன்னால், ஒரு கால்வாய் ஓடுகிறது. சமையல் தண்ணீர், குளித்த தண்ணீர், மழைக்காலத்தில் கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவது, எல்லாம் அதில்தான் போகும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் இறங்கி ஓடையில் சேரும். ஓடைக்குக் கீழே படகர்கள் வாழும் ஊர், அவர்கள் பேச்சில் ஹட்டி, இருக்கிறது. அவர்கள் குடிக்கிற கிணறு அந்த ஓடைக் கரையில்தான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரியும். சந்தையில் பார்த்தால் சிரித்துப் பேசிக்கொள்வோம். இதை மட்டும் பேசமாட்டோம்.

பார்வையிட ஆள் வருவதற்கு முந்தின வாரம் சரிதா போன் செய்தாள்.

"அப்பா, ஆபீஸ்ல இருந்து மேடம் வர்றாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வீடு எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும். சரிங்களா?"

"சரிம்மா," என்றேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் யார்தான் அப்படிச் சொல்லவில்லை? "ஒண்ணும் பண்ணாதீங்க, சும்மா பார்த்துட்டுப் போயிருவோம்" என்பார்கள். அதைக் கேட்டு ஒன்றும் பண்ணாமல் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைப் பற்றித் திரும்பிப் போகும்போது என்ன பேசுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அவர்கள் மரியாதைக்குச் சொல்வது. நாம் மரியாதைக்குச் செய்வது. சரிதாவின் பேச்சையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சுண்ணாம்பு வாங்கி வந்தேன். என் வீட்டுக்கு மட்டும் அடித்தால் அடுத்த சுவர் அழுக்காகத் தெரியும் என்பதால் வரிசை முழுவதற்கும் அடித்தோம். சுடலைமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டே கேலி செய்தான்.

"அண்ணே, மெய்யாச் சொல்லுங்க. ஆபீஸ்காரங்களா வர்றாங்க, இல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"ஏணியை ஒழுங்காப் பிடிடா."

"மாப்பிள்ளை வீடுன்னா நானும் தலைக்கு மை அடிச்சுக்குவேன், அதுக்குத்தான் கேட்டேன்."

"நீங்க தலைக்கு மை அடிச்சா முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கணும், அவ்வளவு கறுப்பு," என்று உள்ளேயிருந்து சசிகலா குரல் கொடுத்தாள்.

சுவர் வெளுத்ததும் கால்வாய் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. சுடலைமுத்துவின் கொட்டகையில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் கிடந்தன. அவற்றைக் கால்வாய் நெடுக அடுக்கி, மேலே சாக்கு விரித்து, செம்மண் போட்டு மட்டம் தட்டினோம். அதற்கு மேல் ஜெரேனியம் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். நாற்றத்துக்கு பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கொட்டினோம். எல்லாம் முடிந்து தூர நின்று பார்த்தபோது எங்கள் லயம் குன்னூர் கிளப் வாசல் போல இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பனி விலகியபின் கார் வந்தது. நான் வெள்ளைச் சட்டையும் கம்பளிக் கோட்டும் போட்டு நின்றேன். முதலில் இறங்கியது சரிதா. சுவரைப் பார்த்தாள், தொட்டிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாய் பாதி திறந்தபடி நின்றாள்.

தபித்தாள் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கைகூப்பி, "வணக்கம் ஐயா," என்றார். ஆண்டாயி வடையும் டீயும் கொண்டுவந்தாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்.

"சரிதா, திறந்த கால்வாய்னு எழுதியிருந்தியே. எங்கேம்மா அது?"

"இருந்துச்சுங்க மேடம்."

"இருந்துச்சுன்னா, இப்ப?"

சரிதா பூந்தொட்டிகளைப் பார்த்தாள்.

அப்போது சுடலைமுத்து உதவி செய்கிறேன் என்று முன்னால் வந்தான். "சாக்கடையா? இங்கயா? மேடம், எங்க லயம் சிங்கப்பூர் மாதிரி. வேணும்னா தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்!" சசிகலா அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். "ஏன்டி?" என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

தபித்தாள் அம்மா சிரிக்கவில்லை. "படம் ஒண்ணும் இணைக்கலையே நீ," என்றார்.

அதுவும் உண்மை. சொந்த வீட்டுச் சாக்கடையைப் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. என் மகள்தானே.

"சரிதா, நம்ம தொழில் உனக்குத் தெரியும்," என்றார் அவர். குரலில் கோபமில்லை; அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அடுத்தவங்க எழுதுறது மெய்யா பொய்யான்னு பார்த்துச் சொல்லித்தான் நமக்குச் சோறு. நாமளே இல்லாததை எழுதினோம்னா, அதுவும் சொந்த ஊட்டுக்குன்னு எழுதினோம்னா, நாளைக்கு யார் நம்மை உள்ள விடுவாங்க? நான் கண்ணால பார்க்கிறதைத்தான் மேலிடத்துல சொல்ல முடியும். வெலிங்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அங்க போயிருவோம். உன் விஷயம் அப்புறம் பேசலாம்."

விமல் கேமராவைப் பையில் வைக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. சரிதா ஒரு வார்த்தை சொன்னால் போதும்: "அப்பா மூடிட்டாரு." அவ்வளவுதான். அவள் தப்பித்துவிடுவாள். ஆனால் சுடலைமுத்துவுக்கும் சசிகலாவுக்கும் முன்னால், வெளியூர்க்காரர்களுக்கு முன்னால், என் மகள் அதைச் சொல்லமாட்டாள். என் மானம் போகக் கூடாது என்று தன் வேலையையும் பெயரையும் விட்டுக்கொடுத்துக்கொண்டு கையைப் பிசைந்தபடி நின்றாள். 'பொய் எழுதியவள்' என்ற பெயரோடு மலை இறங்கப் போகிறாள். அந்த ஆபீஸில் அதைவிடக் கெட்ட பெயர் இல்லை.

ஆண்டாயி காலி டம்ளர்களை எடுத்தபடி என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "உங்க பூந்தொட்டி ரொம்ப அழகா இருக்குது."

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் பொய்யானது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. கப்பலில் வந்து இறங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரு தகரப் பெட்டியும் அந்தப் பெயரும்தான். சுண்ணாம்புச் சுவர் அந்தப் பெயரை விடப் பெரிதில்லை என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க," என்றேன்.

கோட்டைக் கழற்றவில்லை. குனிந்து ஒரு தொட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன். அடுத்ததையும் எடுத்தேன். சாக்கைப் பிடித்து இழுத்ததும் செம்மண் சரிந்தது. பலகையைத் தூக்கினேன். பூட்டி வைத்திருந்த நாற்றம் ஒரேயடியாக எழுந்து வந்தது. பிளீச்சிங் பவுடரும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. விமல் இரண்டடி பின்னால் போனான். தபித்தாள் அம்மா நகரவில்லை.

"என் மகள் எழுதினது அத்தனையும் மெய்," என்றேன். "மூடினது நான். விருந்தாளி வர்றாங்கன்னா மூடத்தான் செய்வேன். இனிமே வந்தாலும் மூடுவேன். அது எங்க வழக்கம். ஆனா அவ எழுத்துல பொய் இல்லை. இந்தத் தண்ணி அந்த ஓடைக்குப் போகுது. கீழ ஹட்டியில அதைத்தான் குடிக்கிறாங்க. பாத்துக்கோங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அதுவரை அதை யாரும் எங்கள் வாசலில் உரக்கச் சொன்னதில்லை. சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனே அடுத்த பலகையைத் தூக்கினான். "சிங்கப்பூர்ல இது இருக்காது அண்ணே," என்றான்.

தபித்தாள் அம்மா கால்வாயைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், சுவரில் விரலை வைத்து ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, எங்க ஊர்ல பிஷப் வர்றார்னா எங்கம்மா கோழி, ஆடு எல்லாத்தையும் அடுத்த ஊட்டுக்கு ஓட்டி விட்டுருவாங்க. நாங்க ஆடே வளர்க்காத மாதிரி உட்கார்ந்திருப்போம். அவர் ஜெபம் பண்ணும்போது சரியா அடுத்த ஊட்டுல இருந்து கத்தும்." சரிதாவிடம் திரும்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?"

"எங்கப்பாங்க மேடம்," என்றாள் சரிதா. அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

விமல் மறுபடி கேமராவை எடுத்தான். நான் போய்க் கால்வாய் அருகில் நின்றேன்.

"சார், நீங்க வேண்டாம். கால்வாய் மட்டும் போதும்."

"தம்பி, சாக்கடையை மட்டும் எடுத்தா அது எந்த ஊர்ச் சாக்கடைன்னு யார் சொல்றது? நான் நிக்கிறேன். அவ எழுதினதுக்கு நான் சாட்சி."

"சரிங்க சார். அப்ப முகத்தைக் கொஞ்சம் கவலையா வெச்சுக்கிறீங்களா? கஷ்டப்படுற மாதிரி?"

"முடியாது."

"கல்யாண போட்டோவுக்கே இவரு சிரிக்கல, அழவும் இல்ல," என்றாள் ஆண்டாயி. "இப்படியேதான் நின்னாரு. எடுத்துக்கப்பா."

ஒற்றை விரலால் சுட்டுவது எங்களுக்கு மரியாதை இல்லை. அதனால் முழுக் கையையும் நீட்டி, உள்ளங்கையை மேலே வைத்து, கால்வாய் போகும் திசையைக் காட்டினேன். அவன் படம் எடுத்தான்.

அந்தக் கோடையில் வேலை நடந்தது. கால்வாய்த் தண்ணீர் இப்போது குழாயில் இறங்கி, புதைத்த தொட்டியில் தேங்கித் தெளிந்து, ஜல்லிக்கல் நிரப்பிய பாத்தி வழியாகப் போகிறது. பாத்தி முழுக்கக் கல்வாழை நட்டிருக்கிறார்கள். அழுக்கை அதன் வேர் வாங்கிக்கொள்ளுமாம். வேலை முடிந்ததும் முழு அறிக்கையையும் சரிதாவையே எழுதச் சொன்னார் தபித்தாள் அம்மா. மழைக்காலமும் வந்து போயிற்று. தொட்டி வழியவில்லை.

மழை ஓய்ந்தபின் ஒரு நாள் ஹட்டியிலிருந்து ஒரு கூடை கேரட் வந்தது. எதற்கு என்று கொண்டுவந்தவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆண்டாயி கூடையைக் கழுவி, வடை வைத்துத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

விமல் எடுத்த படம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்திருக்கிறது. யாரோ அதைப் போனில் சுற்றவிட, அழகையா கோயம்புத்தூர் கம்பெனிக்காரர்களிடம் கையேந்தி நின்றார் என்று கோத்தகிரியில் பேச்சு. நான் கையேந்தவில்லை. சாக்கடையைக் காட்டினேன்.